கோயிலும் குளமும்





ஞானசம்பந்தர் பாடிப் பரவிய திருக்கோணமலைக் கோணேசர் கோயிலுக்குத் திருப்பணி செய்த அரசன் குளக்கோட்டன் என்று சின்னப் பிள்ளைகளும் சொல்லும். கோயிலைக் கட்டிக் கும்பிட்டுவிட்டு அவன் ஊர் திரும்பியிருக்கலாம். திரும்பவில்லை. தனக்குப் பிறகு விளக்குக்கு எண்ணெய் எங்கிருந்து வரும் என்று யோசித்திருக்கிறான். கந்தளாய்க் குளத்தைக் கட்டினான், வயல் விட்டான், குடிகளை அழைத்து வந்து இருத்தினான், இன்ன தொண்டு இன்னாருக்கு என்று முறை வகுத்தான் என்கிறது கோணேசர் கல்வெட்டு என்ற நூல். சிங்கள மரபு அந்தக் குளத்தை இரண்டாம் அக்கபோதி மன்னன் கட்டியதாகச் சொல்லும். அந்த வழக்கை வரலாற்றாசிரியர்கள் பார்த்துக்கொள்ளட்டும். கோயில் என்ற நோக்கமும், அதைத் தாங்கும் குளமும் சேர்ந்தே இருக்கவேண்டும் என்பதுதான் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது.

அந்த ஏற்பாட்டுக்குச் சோதனையும் வந்தது. 1622இல் போர்த்துக்கேயர் கோயிலை இடித்தார்கள். கல்லெல்லாம் கோட்டை கட்டப் போயிற்று. அடியார்கள் காப்பாற்றிய திருமேனிகள் தம்பலகாமத்துக்குப் போய்ச் சேர்ந்தன என்பது வழிவழி வந்த செய்தி. கந்தளாய்த் தண்ணீர் பாயும் ஊர் அது. இன்றைக்கும் மடை திறந்தால் ஆதிகோணேசர் கோயிலைச் சுற்றி வேளாண்மை பச்சைப் பசேலென்று நிற்கும். மலையில் பூசை நின்ற காலத்தில், வயல் நடுவே பூசை நடந்தது.

குளம் இருந்து கோயில் இல்லாவிட்டால்? திருக்கோணமலைத் துறைமுகத்துச் சீனக்குடாவுக்குப் போய்ப் பாருங்கள். பிரித்தானியக் கடற்படைக்காகக் கட்டியவற்றில் எஞ்சிய 99 எண்ணெய்க் குதங்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 10,000 தொன் கொள்ளும். 1957இல் கடற்படை போயிற்று. அவற்றில் பெரும்பாலானவை பல பத்தாண்டுகள் காடு மூடிக் கிடந்தன. முதலுக்கும் குறைவில்லை, உறுதிக்கும் குறைவில்லை. யாருக்காக என்ற கேள்விக்குத்தான் பதில் இல்லாமற் போயிற்று.

மாறாக, இதே துறைமுகக் கரையில் ஒரு சீமெந்து ஆலை 2008இல் 10 மெகாவாற் மின்நிலையம் அமைத்தது. உமியும் கிளிரிசீடியாத் தடியும் அதற்கு எரிபொருள். வேலியில் வெட்டிய கிளிரிசீடியா மறுபடி துளிர்க்கும். வெட்டிக் கொடுத்த விவசாயிக்குக் காசு கிடைக்கும். சீமெந்துத் தொழிலால் காற்றுக்குக் கேடில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஆலைக்குள் எரியும் நெருப்புக்கும் அயலூர் அடுப்புக்கும் அங்கே ஒரு உறவு உண்டாயிற்று.

ஐயாமாரே, கடைக்கும் இதுதான் நியாயம்: முதலாளி என்றால் தர்மகர்த்தா. சொத்து சுவாமியுடையது, சாவி மட்டும் நம் மடியில். அதை மறந்து வெடி போட்டு மீன் பிடிக்கிறவனுக்கு இன்றைக்குப் படகு நிறையும், நாளைக்குக் கடற்பாரில் குஞ்சும் இராது. அவன் சுவாமியின் முதலிலேயே கைவைக்கிறான்.

சித்திரையில் புதுக்கணக்குத் தொடங்கும்போது பிள்ளையார் சுழிக்குக் கீழே இரண்டு வரி எழுதுங்கள்: இந்தக் கடை யாருக்காக நடக்கிறது? நான் இல்லாத நாளில் எதைக்கொண்டு நடக்கும்? இரண்டுக்கும் பதில் எழுத முடிந்தவர் லாபக் கணக்கைப் பயமில்லாமல் பார்க்கலாம்.