விலகலும் கடப்பாடும்

கம்பன் காவியத்தைப் பயின்றோருள் வீடணனை முழுமனத்துடன் நேசித்தோர் மிகச் சிலரே. அறத்தின் பக்கம் நின்றவன் அவன் என்பதை எவரும் மறுப்பதில்லை. எனினும், தமையன் செய்தது தவறு என நன்கறிந்திருந்தும் அவனுக்காகவே களம் புகுந்து மாண்ட கும்பகருணனிடத்தேதான் நெஞ்சம் சாய்கின்றது. செஞ்சோற்றுக்கடன் என்னும் சொல்லுக்குத் தமிழ் மனத்தில் உள்ள வலிமை அத்தகையது. உண்ட சோற்றுக்கு உயிரையே ஈடுவைப்பது உயர்பண்பாகப் போற்றப்படுமிடத்தில், 'போகிறேன்' என்று சொல்பவர் வாய் திறக்குமுன்னரே குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்டுவிடுகின்றார்.

இளம் விளையாட்டு வீரர் ஒருவர் தம் அணியையோ, விளையாட்டையோ விட்டு விலகும்போது எழும் கண்டனத்தின் அடியிலும் இக்கடன் பற்றிய எண்ணமே கிடக்கின்றது. அது தமிழருக்கு மட்டும் உரியதன்று. 2021 யூலை 27ஆம் நாள் ரோக்கியோ ஒலிம்பிக்கிற் பெண்களுக்கான ஜிம்னாஸ்டிக் குழுநிலை இறுதிப் போட்டி நடைபெற்றபோது, அமெரிக்க வீராங்கனை சிமோன் பைல்ஸ் தமது முதலாவது தாவலை முடித்ததும் அப்போட்டியிலிருந்து விலகினார். அந்தரத்திற் சுழலும்போது தம் உடல் எந்நிலையில் உள்ளது என்னும் உணர்வு அவரை விட்டு அகன்றிருந்தது. இரண்டரைச் சுற்றுச் சுழல எண்ணியவர் ஒன்றரைச் சுற்றுடன் தரையிறங்கினார். 2012இலும் 2016இலும் தங்கம் வென்ற அணி அன்று வெள்ளியுடன் திரும்பியது. பைல்ஸுக்கு அப்போது வயது 24. ஆதரித்தோர் பலர், ஆயினும் கோழை என்றும், தன்னலக்காரி என்றும், நாட்டைக் கைவிட்டவர் என்றும் வசைபாடியோரும் குறைவல்லர்.

வசையை ஒதுக்கி, அதனுள் உறையும் வாதத்தை மட்டும் நோக்குமிடத்து, அது எளிதிற் தள்ளிவிடக் கூடியதன்று. வீராங்கனை எவரும் தனியே உருவாவதில்லை. பெற்றோரின் பொருள், பயிற்றுநரின் பல்லாண்டு உழைப்பு, பலவேளைகளிற் பொதுப்பணம் என்பனவெல்லாம் அவரிடத்தே சேர்ந்திருக்கின்றன. அவருக்கு அளிக்கப்பட்ட இடம் இன்னொரு சிறுமிக்கு மறுக்கப்பட்ட இடமுமாகும். செய்ந்நன்றியறிதலுக்கு வள்ளுவர் தனி அதிகாரம் வகுத்தது வீணுக்கன்று.

ஆயின், நன்றி வேறு, கட்டுண்டிருத்தல் வேறு. ஒருவரைக் கட்டும் கடன் அவர் அறிந்து ஏற்றதாக இருத்தல் வேண்டும். பைல்ஸ் இவ்விளையாட்டைத் தொடங்கியது ஆறாவது வயதில். இத்துறையில் உச்சம் தொடுவோர் பலரும் ஏறத்தாழ அவ்வயதிலேயே தொடங்குகின்றனர். பத்து வயதுச் சிறுமியிடம் காணி உறுதியிற் கையொப்பம் பெற்றால் அதனை எந்த நீதிமன்றமும் ஏற்காது. அரைப் பரப்புக் காணியை எழுதிக்கொடுக்கத் தகுதியற்ற வயதில், தன் எலும்பையும் இளமையையும் எழுதிக்கொடுக்கும் தகுதி மட்டும் அச்சிறுமிக்கு எங்ஙனம் வந்தது? அன்று தலையாட்டினாளே என்பர். குழந்தையின் தலையாட்டலை வாக்குறுதியாகக் கொள்வோர், அதே குழந்தை வேண்டாமென்று தலையசைத்தபோது அதனை அடம் என்று கொண்டவர்களே.

இவ்வினா எத்துணைப் பாரதூரமானது என்பதற்கு எலினா முகினாவின் வாழ்வு சான்று. 1978இல் உலகச் சாம்பியனாக விளங்கிய இச்சோவியத் வீராங்கனைக்கு அடுத்த ஆண்டு கால் முறிந்தது. முறிவு முழுமையாக ஆறுமுன்னரே அவர் பயிற்சிக்கு மீண்டார். 1980 யூலை 3ஆம் நாள், மொஸ்கோ ஒலிம்பிக்குக்கு ஏறத்தாழ இரு வாரங்களே இருந்த வேளையில், மின்ஸ்க் நகரிற் கடினமானதொரு சுழற்சியைப் பயிலுகையில் அவரது கழுத்து முறிந்தது. அப்போது அவருக்கு வயது 20. 2006இல் மறையும்வரை அவர் எழுந்து நடக்கவில்லை. அச்சுழற்சி தம் கழுத்தை முறித்துவிடும் எனப் பயிற்றுநரிடம் முன்னரே கூறியிருந்ததாக அவர் பிற்காலத்திற் தெரிவித்தார். சொல்லத் தெரிந்திருந்தது, விலகுவதற்குத்தான் வழி இருக்கவில்லை.

1996இல் அற்லாண்டாவில் கெரி ஸ்ட்ரக் செய்தது வேறுவகையானது போலத் தோன்றும். 18 வயதான அவர் முதற் தாவலில் விழுந்து கணுக்காலிற் காயமுற்றார். அக்காலுடனேயே இரண்டாவது முறையும் தாவினார். அணி தங்கம் வென்றது. பயிற்றுநர் அவரைக் கைகளில் ஏந்திச் செல்லும் படம் உலகெங்கும் பரவியது. அவர் தாவாது விட்டிருந்தாலும் அமெரிக்க அணி வென்றிருக்கும் என்பது பின்னரே தெளிவாயிற்று. அவ்வேளையில் அதனை அவர் அறியார். ஆகவே அவரது துணிவு சிறிதும் குறைவதன்று. ஆனால், அரங்கம் முழுவதும் ஆர்ப்பரித்து நிற்க, 'என்னால் இயலாது' என்று ஒரு சொற் சொல்வதற்கு அங்கு இடமிருந்ததா? இடமிருந்து அவர் தாவியிருந்தால் அது தியாகம். இடமில்லாமற் தாவியிருந்தால், அதற்கு வேறு பெயர்தான் இடவேண்டும்.

கும்பகருணனின் பெருமையும் இங்கேதான் விளங்குகின்றது. போர்க்களத்தில் வீடணனே நேரில் வந்து அவனைத் தன்பக்கம் அழைத்தான். வாயில் திறந்திருந்தது, அவன் போகவில்லை. போகக்கூடியவன் போகாமல் நின்றமையாலேயே அவன் நின்ற நிலை காவியமாயிற்று. முகினாவை அவ்வாறு அழைத்தவர் எவரும் இருந்ததாகத் தெரியவில்லை. செஞ்சோற்றுக்கடனைப் பேசுவோர் இவ்வேறுபாட்டை மறந்துவிடுகின்றனர்.

எனினும், பயிற்றுநரையும் நாட்டையும் விடச் சிக்கலான கடன்காரர் ஒருவர் உண்டு. அவர் உடன் நிற்கும் அணித்தோழர். பைல்ஸ் விலகியதும், அன்று ஆயத்தமாக வந்திராத பகுதிகளில் ஜோர்டன் சைல்ஸும் சுனிசா லீயும் சில நிமிட அறிவித்தலுடன் இறங்கவேண்டியதாயிற்று. அவ்விளம்பெண்களும் சிறுவயதிலிருந்தே உழைத்தவர்கள். அவர்களுக்குச் செய்யவேண்டிய கடன் யாது? தங்கி நிற்பதே என்பது பொதுவிடை. அவ்விடை தவறானது. அவ்விறுதிப் போட்டியில் ஒவ்வொரு பகுதியிலும் மூவர் பங்குபற்றினர். மூவரின் புள்ளிகளும் கணக்கிற் சேர்ந்தன. ஒருவரின் வீழ்ச்சியைக் கழித்துவிட முடியாது. தம்மால் இயலாதென அறிந்தும் அதனை மறைத்து நிற்பவர், விசுவாசத்தின் பெயராற் தோழரை ஏமாற்றுகின்றார். அணிக்கு உரிய கடன் உண்மையைக் காலத்தே சொல்லுதல். பைல்ஸ் அதனைச் செய்தார். எவருக்கும் சொல்லாமற் போட்டி நாளன்று வராமல் விடுபவரை இதே நியாயத்தாற் காக்க முடியாது.

இலங்கைக் கிரிக்கெற் நிறுவனம் 2022 யனவரியில், தேசிய வீரர்கள் ஓய்வுபெறுவதாயின் மூன்று மாத முன்னறிவித்தல் தரவேண்டுமென விதித்தது. வெளிநாட்டுப் போட்டிகளுக்கு வீரர்கள் செல்வதைக் கட்டுப்படுத்தும் எண்ணமும் அதிற் கலந்திருந்தது. ஆயினும், காலத்தை வரையறுக்கும் விதி விலகும் உரிமையை ஒப்புக்கொண்டே விடுகின்றது என்பது மனங்கொளத்தக்கது.

பைல்ஸ் மீண்டு வந்து 2024இற் பாரிஸில் மூன்று தங்கமும் ஒரு வெள்ளியும் வென்றதைக் காட்டி, அவர் விலகியது சரியே என வாதிடுவோர் இன்று உளர். ரோக்கியோவில் வசைபாடியோரின் அளவுகோலும் இதுவேயன்றோ? பதக்கத்தால் ஒருவரைக் குற்றவாளியாக்குவதும் பதக்கத்தால் விடுவிப்பதும் ஒன்றே. அவர் திரும்பி வராமலே இருந்திருந்தாலும் அன்றைய முடிவின் நியாயம் மாறியிராது.

நோயோ காயமோ அநீதியோ காட்டாமல் விலகுவோரிடத்தேதான் இந்நியாயம் முழுமையாகச் சோதிக்கப்படுகின்றது. அவுஸ்திரேலிய ரெனிஸ் வீராங்கனை ஆஷ்லி பார்ட்டி, 2022 யனவரியில் தம் நாட்டுப் பட்டத்தை வென்று, 44 ஆண்டுகளாக அங்கு ஒற்றையர் பட்டம் காணாத மக்களின் ஏக்கத்தைத் தீர்த்தார். இரு மாதங்களுக்குள், உலகின் முதலிடத்தில் இருக்கும்போதே, 25ஆவது வயதில் ஓய்வை அறிவித்தார். தம்மிடம் இனித் தருவதற்கு எதுவும் மிச்சமில்லை என்பதே அவர் சொன்னதன் சாரம். மூளி மனத்துடன் இன்னும் சில ஆண்டுகள் ஆடியிருந்தால் எவரும் குறைகூறியிருக்கமாட்டார். ஈண்டு மறக்கலாகாத செய்தியொன்றுண்டு. அவர் விலகியது அதுவே முதன்முறையன்று. 15 வயதில் விம்பிள்டன் சிறுமியர் பட்டம் வென்றவர், 2014இல், 18 வயதில், ரெனிஸை விட்டுச் சென்று பிரிஸ்பேன் அணிக்காகக் கிரிக்கெற் ஆடினார். 2016இல் அவர் திரும்பி வந்தார். பிரெஞ்சுப் பட்டமும் விம்பிள்டனும் அவுஸ்திரேலியப் பட்டமும் அந்த இரண்டாவது வருகைக்குப் பின்னர் அவர் வென்றவை.