பூத்து முடிந்த செடி

வீட்டினுள் செடி வளர்ப்பவன் அச்செடிக்காக வளர்க்கின்றானா, தன் கண்ணுக்காக வளர்க்கின்றானா? எளிய வினாவாகத் தோன்றினும் இதற்கு விடை காணச் செடி பூக்கும் நாள்வரை, ஏன், பூத்து முடியும் நாள்வரை பொறுத்திருத்தல் வேண்டும்.

நம் வரவேற்பறைகளிலும் விடுதிகளின் முகப்பிலும் இன்று காணப்படும் புரோமெலியாட் இவ்வினாவை எழுப்பத் தக்கதொரு செடி. பெயர் புதிதெனினும் உறவு பழையதே. ஜொகூர் மாநிலத்துப் பொந்தியான் வட்டாரத்தில் விளையும் அன்னாசியும் இக்குடும்பத்தைச் சார்ந்ததுதான். மேற்கு ஆப்பிரிக்காவில் வாழும் ஓர் இனம் நீங்கலாக, இக்குடும்பம் முழுவதும் அமெரிக்கக் கண்டங்களுக்கு உரியது. பிரேசில் நாட்டு எக்மியா போன்றவை மரக்கிளைகளைப் பற்றி வளர்வன. எனினும் மரத்தின் சாற்றை அவை உறிஞ்சுவதில்லை. வேர் பிடிப்புக்கே பெரிதும் பயன்படும். இலைகளின் அடிப்பகுதி ஒன்றையொன்று தழுவிக் கிண்ணம்போல் அமைந்து மழைநீரைத் தேக்கும். அதில் விழுந்து மட்கும் சருகே உணவு.

ஆதலின் இதனைப் பேணுவது கடினமன்று. சன்னலோர வெளிச்சம், நீர் தங்காத மரப்பட்டைக் கலவை, கிண்ணத்தில் சிறிது நீர். வேரில் நீர் மிகுந்தால் அழுகிவிடும். ஆனால் அக்கிண்ணத்து நீரே நம் நாட்டில் ஏடிஸ் கொசுவுக்குத் தொட்டிலாகிவிடும். முட்டை கொசுவாகிப் பறக்க ஒரு வாரம் முதல் பத்து நாள் வரையே ஆகும். மலேசியாவில் நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிப்பதற்கான சட்டம் 1975ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டுவிட்டது. வாரம் ஒருமுறையேனும் பழைய நீரைக் கவிழ்த்து, இலையிடுக்குகளை நன்கு அலசிப் புதுநீர் வார்க்காதவன் தன் செடியைப் பேணி, அண்டை வீட்டுக் குழந்தையை மறந்தவனாவான். இதில் வாதத்திற்கே இடமில்லை.

வாதத்திற்குரியது பூவைப் பற்றியது. புரோமெலியாட்டின் ஒரு தண்டு தன் வாழ்நாளில் ஒரே முறைதான் பூக்கும். வண்ணப் பூவிதழ்களென நாம் எண்ணி வியப்பவை பெரும்பாலும் நிறமேறிய இலைகளே. அவை சில மாதங்கள் வாடாமல் நிற்கும். அதன்பின் தாய்ச்செடி மெல்ல மெல்ல மடியும். இதனை அறிந்தும் பூவை விரைவுபடுத்துவோர் உளர். கிண்ணத்து நீரை வடித்து, பழுத்த ஆப்பிள் ஒன்றுடன் செடியைப் பிளாஸ்டிக் பையினுள் ஒரு வாரம் மூடி வைப்பர். பழம் வெளிவிடும் எத்திலீன் வாயு செடியைப் பூக்கத் தூண்டும். அன்னாசித் தோட்டங்களிலும் இதே முறையை வேறு மருந்துகளால் கையாள்வர். அறுவடை ஒருசேர வரவேண்டும், அது பிழைப்பு. தீபாவளிக்கு வரும் விருந்தினர் பார்க்க வேண்டுமென்று இளஞ்செடியை மூடி வைப்பவருக்கு என்ன பிழைப்பு? முதிராத செடி பெரும்பாலும் இணங்காது. இணங்கினும் பூ சிறுத்துவிடும். பள்ளியில் வாழ்நாள் கழித்தோர்க்கு இதனை மேலும் விளக்க வேண்டுவதில்லை.

பூ வாடியபின் நடப்பதே என் வினாவின் உள்ளீடு. பலர் அன்றே செடியைக் குப்பையில் இட்டுவிட்டு வேறொன்று வாங்குகின்றனர். அடியில் பக்கக்கன்றுகள் முளைப்பதை அவர்கள் பார்ப்பதேயில்லை. வாழையும் ஒருமுறை ஈன்று மடிவதுதான். எனினும் வாழையடி வாழையென வாழ்த்தும் மரபினர் நாம். வாழை குலை தந்தது, புரோமெலியாட் அழகு மட்டுமே தந்தது என்பதனால் கடன் குறைந்துவிடுமா?

செடிக்கு வலியில்லையே, அதனிடம் நமக்கென்ன கடமை என்று மாணவர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். செடிக்கு வலிக்கும் என நான் வாதிடவில்லை. நன்றி சொல்லாத, இனி எதுவும் தராத ஒன்றின்முன் மனிதன் எவ்வாறு நடந்துகொள்கின்றான் என்பதையே பார்க்கின்றேன். யாரும் காணாத இடத்தில் பழகிய கை, காணும் இடத்திலும் அவ்வாறே நீளும். முதியோர் இல்லங்கள் பெருகிவரும் காலத்தில் இது வெறும் தோட்டக்கலைச் செய்தியன்று.

கன்று தாயின் உயரத்தில் மூன்றிலொரு பங்கையேனும் எட்டும்வரை பிரித்தெடுத்தல் கூடாது. தாயின் இலைகள் பழுத்துக்கொண்டிருக்கும்போதே கன்று அதனிடம் ஊட்டம் பெறுகின்றது. சில வேளைகளில் இதற்கு ஓராண்டுக்கு மேலும் ஆகும். காய்ந்த இலையை மட்டும் நறுக்கி, வரவேற்பறையில் வைக்க மனமில்லையெனில் பின்கட்டில் வெளிச்சம் படும் இடத்தில் வைத்து, வாரந்தோறும் அந்தப் பழைய கிண்ணத்து நீரையும் மாற்றி வரலாம்.