கிரயப் பத்திரம் அறமாகாது

பஞ்சமி நிலம் மனை போட்டு விற்கப்பட்டதாகப் புகார் எழுவதும், விசாரணை நடக்கும் என்று அறிவிக்கப்படுவதும், பிறகு பேச்சே அடங்கிப்போவதும் தமிழ்நாட்டில் வாடிக்கையாகிவிட்டன. காசு கொடுத்து வாங்கியவரிடமிருந்து பறிக்கலாமா என்ற கேள்வியும் ஒவ்வொரு முறையும் எழுகிறது. மீட்கத்தான் வேண்டும். வேறு எந்த விடையும் அறத்தோடு பொருந்தாது.

செங்கல்பட்டு ஆட்சியர் பொறுப்பில் இருந்த ட்ரெமென்ஹீர், சேரி மக்கள் படும் பாட்டை 1891-இல் அறிக்கையாக எழுதினார். அந்த மக்களுக்கு நிலம் ஒதுக்கி அடுத்த ஆண்டே சென்னை மாகாண அரசு ஆணை பிறப்பித்தது. அதுவே பஞ்சமி நிலம். ஒதுக்கப்பட்டவை சுமார் 12 லட்சம் ஏக்கர் என்பது கணக்கு. முதல் 10 ஆண்டுகள் விற்கவோ, அடமானம் வைக்கவோ, குத்தகைக்கு விடவோ கூடாது. அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கே கைமாற்றலாம். மீறிய கிரயம் செல்லாது. ஏழைக்குப் பணமுடை வரும், அந்த நேரம் பார்த்து வலியவன் வந்து நிற்பான் என்று தெரிந்தே போட்ட வேலி அது.

அந்த வேலியைக் கல்யாணச் செலவுக்கு வாங்கிய கடனும், வெற்றுத்தாளில் வைத்த கைநாட்டும் சாய்த்தன. நில ஆவணங்களைப் புதுப்பித்த 1980-களின் நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் எத்தனையோ ஊர்களின் பதிவேட்டிலிருந்து நிபந்தனைக் குறிப்பே காணாமல் போனது. பத்திரம் பதிவானதாலேயே இது நேர்மையாகிவிடுமா? பிறர் பொருளுக்கு ஆசைப்படுவதைக் கண்டிக்க வெஃகாமை என்று தனி அதிகாரமே வகுத்தார் வள்ளுவர். நடுவுநிலை தவறி வந்த செல்வம் நல்லதே செய்தாலும் அன்றைக்கே கைவிட வேண்டும் என்பதும் அவர் வாக்கு. நூறாண்டு அனுபவித்தவருக்கு அதில் விலக்கில்லை. சிலப்பதிகாரத்துப் பாண்டியன் பொற்கொல்லன் சொல்லை நம்பியதைச் சாக்காகச் சொல்லவில்லை; நம்பியதே தன் குற்றமென்று உயிர்விட்டான். கன்றை இழந்த பசுவுக்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்ட மனுநீதிச் சோழனுக்குச் சிலை வைத்திருக்கிறோம். மண்ணை இழந்த மனிதருக்கு அரசு என்ன கொடுத்தது?

ஏமாந்துபோய் ஒரு சிறு மனை வாங்கிய எளியவர்களும் உண்டு. அவர்களுக்கு அரசு மாற்று இடம் தரட்டும். அவர்களைக் கேடயமாக்கிப் பண்ணை வீடுகளையும் கல்குவாரிகளையும் காப்பாற்ற வேண்டாம்.

2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியினர். அவர்களில் பலர் இன்றும் பிறர் வயலில் கூலிக்கு இறங்குகிறார்கள். காரணை கிராமத்தின் பஞ்சமி நிலத்தைக் கேட்டு 1994 அக்டோபர் 10-ஆம் தேதி செங்கல்பட்டில் திரண்டவர்கள் மீது காவல்துறை சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரு இளைஞர்கள் இறந்தார்கள். அவர்கள் கேட்டது தானமல்ல. அரசே தன் ஆணையில் எழுதிக் கொடுத்ததைத்தான்.

திங்கட்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டங்களுக்கு மனுவோடு மக்கள் வருகிறார்கள். நிபந்தனைக் குறிப்பு இருந்த, தங்கள் ஊரின் பழைய நிலப் பதிவேடான அ-பதிவேட்டின் நகலைக் கேட்பவர்களுக்கு இந்தத் திங்கட்கிழமையே அதைக் கொடுத்துவிடலாம்.