காரணம் என்ற இடத்தில்

கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த அரைத்தாள். வாப்பாவின் சாய்ந்த கையெழுத்து. 'என் மகளுக்குக் காய்ச்சலாக இருந்தபடியால் நேற்று பள்ளிக்கு வர இயலவில்லை.' ஆறாம் வகுப்பில் நான் கொண்டுபோய்க் கொடுத்த அந்தக் கடிதத்தை இன்னும் மறக்க முடியவில்லை. எனக்குக் காய்ச்சல் இல்லை. நோன்புப் பெருநாளுக்குச் சொந்த ஊரான கீழக்கரைக்குப் போயிருந்தோம். வாப்பா கடை வைத்திருந்த காரைக்குடிக்கு மறுநாள் பஸ் பிடிக்க மனசு வரவில்லை, அவ்வளவுதான். டீச்சர் என் கையைப் பார்த்தார். இரண்டு நாள் முன்பு வைத்த மருதாணி நல்ல சிவப்பில் இருந்தது. ஒன்றும் கேட்காமல் கடிதத்தை வருகைப் பதிவேட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

நோன்பு வைத்துக்கொண்டு பொய் பேசினால் பட்டினி கிடந்ததுதான் மிச்சம் என்று எங்களுக்குச் சொல்லி வளர்த்தவர் வாப்பா. முப்பது நாளும் நாக்கைக் காத்தவர், பெருநாளுக்கு மறுநாளே எனக்காக ஒரு பொய் எழுதினார். 'பெருநாள்' என்று எழுதினால், பெருநாள் முந்தாநாளே முடிந்துவிட்டதே என்ற கேள்வி வரும். காய்ச்சலுக்குக் கேள்வி கிடையாது.

அந்தப் பழக்கத்தைத்தான் நானும் சென்னைக்குக் கொண்டுவந்தேன். கணக்குப் பிரிவில் சேர்ந்து பதினெட்டு வருஷம். விடுப்புப் படிவத்தில் 'காரணம்' என்ற கட்டத்தில் ஒவ்வொரு வருஷமும் 'சொந்த வேலை' என்று எழுதியிருக்கிறேன்.

எங்கள் பெருநாளுக்கு விடுமுறை இல்லை என்று சொல்ல வரவில்லை. ரம்ஜான், பக்ரீத், முஹர்ரம், மீலாது நபி நான்கும் தமிழ்நாடு அரசின் பொது விடுமுறைப் பட்டியலில் இருக்கின்றன. தனியார் நிறுவனங்களுக்கும் 1958-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி போக, பண்டிகைகளுக்கென்று இன்னும் ஐந்து நாள் தர வேண்டும் என்கிறது அது. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அச்சடித்த பட்டியல் ஜனவரியிலேயே சுவரில் தொங்குகிறது. பிறையோ இருபத்தொன்பதாம் நோன்பு திறந்த பிறகுதான் வானத்தில் தேடப்படுகிறது. தெரிந்தால் நாளை பெருநாள், தெரியாவிட்டால் நாளை மறுநாள். 2024-இல் மீலாது நபி விடுமுறையை செப்டம்பர் 16-இலிருந்து 17-க்கு அரசே மாற்றியது. அதே ஆண்டு ரம்ஜானுக்காகப் பள்ளி ஆண்டுத் தேர்வில் இரண்டு தாள்களைத் தள்ளி வைத்தார்கள். கேட்டால் காலண்டர் நகர்ந்து கொடுக்கும் என்பதற்கு இவையே சாட்சி. ஆனால் ஊருக்குப் போகும் ரயில் டிக்கெட்டை அறுபது நாள் முன்னாலேயே எடுத்தாக வேண்டும். எந்த நாளுக்கு எடுப்பது?

2025-ஆம் வருஷப் பெருநாள் எங்களைப் போன்ற கணக்குக்காரர்களுக்கு மிகக் கடினமாக வந்து வாய்த்தது. மார்ச் 31, திங்கட்கிழமை. நிதியாண்டின் கடைசி நாள். அரசு வரவு செலவுகளைக் கையாளும் வங்கிக் கிளைகள் அன்று திறந்திருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. வருமான வரி அலுவலகங்களும் திறந்திருந்தன. எங்கள் மேலாளர் நல்ல மனிதர். "தொழுகை முடிச்சிட்டு பதினோரு மணிக்கு வந்தாப் போதும்மா" என்றார். அதை ஒரு சலுகையாகத்தான் அவர் சொன்னார், நானும் சலுகையாகத்தான் வாங்கிக்கொண்டேன். கீழக்கரைக்கு எடுத்திருந்த டிக்கெட்டை ரத்து செய்தேன்.

பெருநாள் என்பது காலைத் தொழுகை மட்டும்தான் என்று அவர் நினைத்ததில் அவர் தப்பு எதுவும் இல்லை. பதினெட்டு வருஷமாக நான் வேறு எதையும் சொல்லவே இல்லையே. பிறை கண்ட ராத்திரி உம்மா தூங்க மாட்டார்கள். வட்டலப்பத்துக்கு முட்டை அடித்து, தேங்காய்ப்பால் பிழிந்து, கருப்பட்டிப் பாகு வடிகட்டி, சட்டியை ஆவியில் வைத்துவிட்டு அடுப்பை விட்டு நகராமல் உட்கார்ந்திருப்பார்கள். ஆண்கள் தொழுகைக்குக் கிளம்பும் முன் ஃபித்ரா என்ற பெருநாள் தர்மம் ஏழை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். பிறகு தெருத்தெருவாக ஸலாம், சின்னப் பிள்ளைகளுக்குப் பெருநாள் காசு. வருஷம் முழுக்கப் பேசாத மச்சியும் அன்று வீட்டுப் படி ஏறி வருவாள். இதெல்லாம் பதினோரு மணிக்குள் முடிகிற காரியமா? அன்று மதியம் அலுவலகத்தில் வங்கிக் கணக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது உம்மா போனில் கூப்பிட்டார்கள். "வட்டலப்பம் நல்லா வந்திருக்கு. உன் பங்கை எடுத்து வச்சிருக்கேன்" என்றார்கள். வேறொன்றும் சொல்லவில்லை.

தீபாவளிக்கு நான் வேலை பார்க்க, பெருநாளுக்கு எனக்காக வேலை பார்த்த தோழி ஒருத்தி எங்கள் பிரிவில் இருந்தாள். பத்து வருஷம் அப்படி ஓடியது. அவள் வேலை மாறிப் போனதும் அந்த ஏற்பாடும் போயிற்று. மனிதர்கள் அன்பாலே செய்வது பெரிய விஷயம்தான், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒருத்தி ராஜினாமா செய்தால் என் பெருநாள் போய்விடும் என்றால், அந்த நாள் என் கையில் இல்லை என்றுதானே அர்த்தம்? எனக்குக் கூடுதலாக ஒரு நாள் வேண்டாம். இரண்டு தேதியில் ஒன்று என்று எழுதிக் கொடுக்க ஒரு வழி வேண்டும். அந்த வழியை யாரும் அடைத்து வைத்திருக்கவில்லை. உண்மைக் காரணத்தை எழுதாமல் 'சொந்த வேலை'க்குப் பின்னால் ஒளிந்துகொண்டதால், அப்படி ஒரு தேவை இருப்பதே யாருக்கும் தெரியாமல் போயிற்று. வாப்பா அன்று எழுதிய காய்ச்சலின் தொடர்ச்சிதான் அது.

அதே வருஷம் ஜூன் 7, சனிக்கிழமை பக்ரீத் வந்தது. இதில் ஒரு நிம்மதி, பிறை பார்த்துப் பத்தாம் நாள்தான் பெருநாள் என்பதால் தேதி முன்கூட்டியே தெரிந்துவிடும். இந்த முறை ஊருக்குப் போயே தீர்வது என்று கிளம்பினோம். திங்கட்கிழமைக்கும் சேர்த்து விடுப்புக் கேட்டு, கட்டத்தில் 'ஹஜ்ஜுப் பெருநாள், குர்பானி மூன்றாம் நாள்' என்று எழுதிக் கொடுத்தேன். மேலாளர் படித்துவிட்டு, "மூணு நாளா கொடுப்பீங்க?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். கறியை மூன்று பங்கு வைப்பதையும், உறவுக்கும் இல்லாதவர்களுக்கும் உள்ள பங்கை வீடு தேடிப் போய்க் கொடுப்பதையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை சென்னையில் ரயிலை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்ததும், ஏழாம் வகுப்புப் படிக்கும் மகள் பேனாவோடு வந்து நின்றாள்.

"நேத்து லீவுக்கு என்ன காரணம் எழுதணும், உம்மா?"

"பெருநாள்னு எழுது."

"பெருநாள் சனிக்கிழமையே முடிஞ்சுபோச்சேன்னு மிஸ் கேப்பாங்க."

"கேட்டா சொல்லு."

கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள். தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். 'பெருநாளுக்காக என் உம்மம்மா வீட்டில் இருந்தேன். பக்கத்துத் தெருவில் பதினாறு வீட்டுக்குக் கறி கொண்டுபோய்க் கொடுத்தேன்.' பதினாறை அடித்துவிட்டு, விரல் விட்டு எண்ணிப் பார்த்து, பதினேழு என்று திருத்தினாள்.