வேலிக்குள் ஒரு குளம்

நிலத்தை அளந்து, எல்லைக்கல் நட்டு, 'இஃது என்னுடையது' என்று மனிதன் சொல்லத் தொடங்கிப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆகிவிட்டன. நீரைப் பற்றி அவ்வாறு சொல்ல அவன் நெடுங்காலம் தயங்கினான். நீர் ஓரிடத்தில் நிற்பதில்லை. இன்று ஒருவன் கொல்லையில் கிடப்பது நாளை மேகமாகிறது. மறுநாள் மற்றொருவன் கூரைமேல் விழுகிறது. அத்தகைய ஒன்றை ஒருவர் தம் வேலிக்குள் நிறுத்தி வைத்துத் தாமும் தம் மக்களும் மட்டும் அதில் ஆடி மகிழலாமா? வீட்டுக் கொல்லையில் நீச்சல் குளம் அமைப்பது என்பது கட்டட வல்லுநரிடமும் வங்கியிடமும் பேசி முடித்துவிடக்கூடிய செய்தியாகத் தோன்றலாம். ஆயினும் அதன் அடியில் ஓர் அறக் கேள்வி கிடக்கிறது.

பினாங்குத் தீவில் இக்கேள்விக்குத் தனியொரு கூர்மை உண்டு. நாற்புறமும் கடல் சூழ்ந்த தீவு அது. தஞ்சோங் பூங்காவில் 1903-ஆம் ஆண்டிலேயே நீச்சல் மன்றம் ஒன்று தோன்றிவிட்டது. அன்று சிலர் ஒன்றுகூடி அமைத்த வசதியை, இன்று பொருள் வளம் பெற்ற ஒரு குடும்பம் தன் கொல்லையிலேயே அமைத்துக்கொள்ள முடிகிறது. அத்தகைய குடும்பம் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். எட்டு மீட்டர் நீளம், நான்கு மீட்டர் அகலம், சராசரியாக 1.4 மீட்டர் ஆழம் உள்ள குளம் ஒன்றை அது வெட்டுகிறது. பெரிய குளமன்று. ஆயினும் அதை நிரப்ப ஏறத்தாழ 45,000 லிட்டர் நீர் வேண்டும். ஒருவர் நாளொன்றுக்கு 250 லிட்டர் செலவிடுவதாகக் கொண்டால், அது அவருக்கு 180 நாள்களுக்குப் போதும்.

இந்தக் கணக்கைக் கேட்டவுடனே, 'குடிக்க நீரில்லாதோர் உலகில் இருக்க, குளிக்க ஒரு குளமா?' என்று சினங்கொள்வோர் உண்டு. அச்சினம் நேர்மையானது, ஆயினும் முழுமையானதன்று. நீச்சல் குளத்து நீர் ஒருமுறை நிரப்பப்பட்டால் பல ஆண்டுகள் அங்கேயே சுழன்றுகொண்டிருக்கும். பம்பு அதனை இழுத்து மணல் வடிகட்டியின் வழியே செலுத்தி மீண்டும் குளத்திலே சேர்க்கிறது. வெயிலில் நாள்தோறும் நான்கு ஐந்து மில்லிமீட்டர் வற்றினாலும், மழை மிகுந்த இத்தீவில் வானமே அதில் பெரும்பகுதியை ஈடுசெய்துவிடும். மேலும், நீந்தத் தெரிவது வெறும் பொழுதுபோக்கன்று. 2021-ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் நீரில் மூழ்கி மாண்டனர் என்று உலகச் சுகாதார நிறுவனம் கணித்திருக்கிறது. தீவில் பிறந்த குழந்தைக்கு நீச்சல் கற்பிக்கும் தந்தை அதன் உயிருக்கு ஓர் அரண் அமைக்கிறார். எனவே குளம் வெட்டியதனாலேயே ஒருவரைக் குற்றவாளியாக்குவது நீதியாகாது.

ஆனால், குளம் வெட்டியவர் தம் சார்பில் முன்வைக்கும் வாதமும் ஆராயத்தக்கதே. 'என் உழைப்பில் ஈட்டிய பணம், என் நிலம், நீருக்கும் நானே கட்டணம் செலுத்துகிறேன். இதில் பிறருக்கு என்ன பேச்சு?' என்பது அவ்வாதம். செலுத்திய கட்டணம் எதற்கு விலை என்பதை அவர் எண்ணிப் பார்த்ததில்லை.

ஜார்ஜ் டவுனுக்கு நீர் வந்த கதை நீண்டது. 1804-ஆம் ஆண்டளவில் மலையோடையின் நீரைச் செங்கல் வாய்க்கால் வழியே நகருக்குக் கொண்டுவந்தார்கள். மாட்டு வண்டிகளில் நீர் ஏற்றிச் சென்ற காலமும் ஒன்று இருந்தது. இன்றைய பர்மா சாலையை ஹொக்கியன் மக்கள் 'தண்ணீர் வண்டிச் சாலை' எனப் பொருள்படும் பெயரால் வழங்கிவருவது அதன் நினைவே. பின்னர் 1929-இல் கில்லிமார்ட் நீர்த்தேக்கமும், 1962-இல் ஆயர் ஈத்தாம் அணையும், 1999-இல் தெலுக் பகாங் அணையும் எழுந்தன. இவையும் போதவில்லை. இன்று பினாங்கு மாநிலம் பயன்படுத்தும் ஆற்றுநீரில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் மூடா ஆற்றிலிருந்து வருகிறது. அந்த ஆறு கெடா மலைகளில் பிறந்து, பெருநிலத்து வயல்களைக் கடந்து வருகிறது; அதன் நீர் தூய்மை செய்யப்பட்டு, கடலடிக் குழாய்களின் வழியே தீவை அடைகிறது. நீருக்கு ஈடு தரவேண்டும் என்று கெடா மாநிலம் கேட்டதும், பினாங்கு மறுத்ததும் நாடறிந்த செய்திகள்.

அவ்வாறாயின், கொல்லையில் நீலமாய் மின்னும் அந்நீர் எவருடையது? வீட்டுக்காரர் செலுத்திய கட்டணம் நீரைக் கொணர்ந்த கூலியே, நீரின் விலையன்று. அணைக்காகக் காடு காத்தவரும், கடலடியில் குழாய் பதித்தவரும், இரவில் விழித்திருந்து பம்பு நிலையத்தைப் பார்த்துக்கொள்பவரும் அதில் பங்குடையவர்கள். நெடுங்காலம் மலேசியாவிலேயே மிகக் குறைந்த நீர்க்கட்டணம் பினாங்கில்தான் இருந்தது. தலைக்கு மிக அதிகமாக நீர் செலவிட்ட மாநிலங்களுள் ஒன்றும் அதுவே. குறைந்த விலையை மக்கள் குறைந்த மதிப்பாக எண்ணிவிட்டனர் போலும். 2010-ஆம் ஆண்டில், மாதம் 35,000 லிட்டருக்கு மேல் செலவிடும் வீடுகளுக்குத் தனிக் கட்டணம் விதிக்கும் நிலை ஏற்பட்டது. மேலே கண்ட சிறு குளத்தை ஒருமுறை நிரப்புவதே அவ்வெல்லையைத் தாண்டிவிடும்.

தமிழர் மரபு இக்கேள்விக்கு என்ன விடை தருகிறது? குளம் தொட்டவனை வாழ்த்திய மரபு அது. ஆனால் வாழ்த்து குளம் தொட்டதோடு முடியவில்லை. உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில் பொறிக்கப்பட்ட 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் குடவோலை முறையைக் கூறும்போது, ஏரி வாரியம் என்ற குழுவையும் குறிக்கின்றன. ஏரியைப் பேணுவதற்கென்றே ஆண்டுதோறும் தகுதி பார்த்து மக்களைத் தேர்ந்தனர். ஏரியை வெட்டுதல் ஒருமுறை நிகழும் செயல். தூர் வாருதலும், கரை காத்தலும், மதகு பார்த்தலும் முடிவில்லாக் கடமைகள். வள்ளுவரும் ஒப்புரவறிதலில் உயர்ந்தோன் செல்வத்துக்கு ஊரார் நீருண்ணும் குளத்தையே உவமையாக்கினார். செல்வம் பயன்படும் முறைக்கு நீர்நிலையைக் காட்டிலும் தெளிவான உவமை அவருக்குக் கிடைக்கவில்லை.

ஏரிக்கும் கொல்லைக் குளத்துக்கும் ஒப்புமை ஏது என்று கேட்கலாம். அளவில் இல்லை, கடமையில் உண்டு. நீச்சல் குளம் வாங்கி வைத்துவிட்டு மறந்துவிடக்கூடிய பொருளன்று. அதில் கரைந்துள்ள குளோரின் லிட்டருக்கு ஒன்று முதல் மூன்று மில்லிகிராம் வரை இருக்க வேண்டும். நீரின் அமில காரக் குறியீடு 7.2-க்கும் 7.8-க்கும் இடையில் நிற்க வேண்டும். வெயில் குளோரினைச் சிதைக்கும். பெருமழை அதனை நீர்க்கச் செய்யும். சில நாள் கவனியாமல் விட்டால் பாசி படர்ந்து நீர் பச்சையாகும். செலவுக்கு அஞ்சி நீரை முற்றிலும் வடித்துவிடலாம் என்றாலும் தப்ப இயலாது. மழைக்காலத்தில் நிலத்தடி நீர் ஏறும்போது, வெறுமையான குளத்தைக் கீழிருந்து உந்தி மேலே தூக்கிவிடும், தளம் வெடிக்கும். மண்ணைத் தோண்டி நீரைத் தேக்கியவர் அதைக் காவல் செய்தே தீர வேண்டும்.

அக்காவலில் தவறினால் தண்டனை அவரோடு நிற்பதில்லை என்பதே இதில் முதன்மையான செய்தி. பேணாத குளத்தின் தேங்கிய நீரில் கொசு முட்டையிடும். டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு, முட்டையிலிருந்து சிறகு பெற ஏறத்தாழ ஒரு வாரமே போதும். அது வேலியையும் வீட்டு எண்ணையும் பார்த்துப் பறப்பதில்லை. நோய் தாங்கும் பூச்சிகளை ஒழிக்கும் சட்டம் 1975-ஆம் ஆண்டிலேயே மலேசியாவில் இயற்றப்பட்டது. தம் வளாகத்தில் கொசு பெருக விடுவதை அச்சட்டம் குற்றமாகக் கொள்கிறது. சட்டம் வந்துதான் அறம் பிறந்தது என்பதில்லை. தன் சோம்பலால் அண்டை வீட்டுக் குழந்தை காய்ச்சலில் விழுமாயின், அதைத் தனி மனிதரின் வீட்டுச் செய்தி என்று எவரும் சொல்ல முடியாது.

வேலிக்கும் ஒரு கடமை உண்டு. பிறர் பார்வையை மறைப்பதற்காக மட்டும் எழுப்பப்படும் வேலி பாதி வேலியே. சிறு குழந்தை ஓசையின்றி மூழ்கும்; கூவி அழைக்க அதற்கு மூச்சு கிடைப்பதில்லை. ஆகவே வீட்டுக்கும் குளத்துக்கும் இடையிலும் தடுப்பு வேண்டும். தானே மூடிக்கொள்ளும் கதவு வேண்டும். விழித்திருக்கும் கண் ஒன்று எப்போதும் வேண்டும். குளத்தைத் துப்புரவு செய்ய வாரந்தோறும் வரும் தொழிலாளியையும் மறத்தலாகாது. குளோரின் தூளும் அமிலமும் கலந்தால் நச்சு வாயு எழும். அவற்றை ஒரே மூலையில் அடுக்கி வைக்கும் வீட்டுக்காரர், தாம் காணாத ஒரு மனிதரின் மூச்சோடு விளையாடுகிறார்.

நீச்சல் குளத்தருகே மூக்கைத் துளைக்கும் நெடி எழுந்தால் பலரும் அதைத் தூய்மையின் மணம் என்று கருதுவர். உண்மை வேறு. குளோரின் வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து உண்டாக்கும் பொருள்களின் நெடியே அது. நன்கு பேணப்பட்ட நீரில் அத்தகைய நெடி எழுவதில்லை. செல்வத்துக்கும் இது பொருந்தும். ஊர் முழுவதும் வீசும்படி தன்னை அறிவித்துக்கொள்ளும் செல்வம் முறையாகப் பேணப்பட்ட செல்வமாக இருப்பது அரிது.

இவ்வளவும் செய்துவிட்டால் ஒருவர் தம் கடனிலிருந்து விடுபட்டுவிடுகிறாரா? அதற்குச் சோதனையாக அண்மையில் ஒரு நிகழ்ச்சி அமைந்தது. 2024-ஆம் ஆண்டு சனவரி 10 முதல் 14 வரை, சுங்கை டுவா நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் பெரிய வால்வுகள் இரண்டை மாற்றுவதற்காகப் பினாங்கு மாநிலத்தின் பல வட்டாரங்களில் நீர் நிறுத்தப்பட்டது. ஏறத்தாழ 590,000 பயனீட்டாளர்களுக்கு அதன் பாதிப்பு இருந்தது. வாளிகளிலும் தொட்டிகளிலும் மக்கள் முன்கூட்டியே நீர் பிடித்து வைத்தனர். லாரிகள் நீர் சுமந்து சென்றன. அடுக்குமாடியில் வாழும் முதியவர் ஒருவர், கழிவறைக்கு ஊற்ற ஒரு வாளி நீருக்காகப் படியிறங்கி ஏறுவது எத்தகைய துன்பம் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

அந்நாள்களில் கொல்லைக் குளங்களில் நீர் ததும்பியே இருந்திருக்கும். அது குடிப்பதற்கு ஆகாது. ஆனால் கழிவறைக்கும் தரை கழுவுதற்கும் ஆகும். சட்டம் அந்நீரைப் பகிரும்படி எவரையும் கட்டாயப்படுத்தவில்லை. கட்டாயப்படுத்தவும் கூடாது. கேள்வி சட்டத்தைக் கடந்தது. அண்டை வீட்டார் வெற்று வாளியோடு நிற்கும்போது, 45,000 லிட்டருக்குக் காவலாக நிற்கும் கதவைத் திறக்க ஒருவர் மனம் துணியுமா? துணிந்தால் அவர் கொல்லையில் இருப்பது குளம். துணியாவிட்டால் அது நீர் நிரம்பிய ஒரு பெட்டகம்.

எனவே, குளம் வெட்டலாமா என்று கேட்பதைவிட, வெட்டியவர் எத்தகைய மனிதராக வேண்டும் என்று கேட்பதே பொருத்தமானது. நீரைத் தேக்கும் உரிமையைப் பணம் தரலாம். தேக்கிய நீருக்குத் தகுதியுடையவராக்குவது நாள்தோறும் செய்யும் காவலும், வேண்டும்போது திறக்கும் கதவுமே ஆகும். அவ்விரண்டுக்கும் மனம் இல்லாதவர் குளத்தை வெட்டாதிருப்பதே நன்று.

இதற்குச் சான்று தேடித் தமிழர் தொலைவில் போக வேண்டியதில்லை. பினாங்குத் தமிழர் தம் முருகன் கோயிலைத் தண்ணீர்மலை என்றே அழைக்கின்றனர். முன்னாளில் அருவியின் அருகே இருந்த வழிபாட்டிடம், அருவிநீர் நகரத்தாரின் குடிநீருக்காகத் தேக்கப்பட்டபோது அங்கிருந்து இடம் பெயர்ந்தது. ஊர் பருகும் நீருக்காக வழிபாடே வழிவிட்டது. இன்று தைப்பூசத்தில் அக்கோயிலுக்குச் செல்லும் சாலையெங்கும் தண்ணீர்ப் பந்தல்கள் நிற்கின்றன. பொருள் உள்ளவர்கள் நீரையும் மோரையும் வீட்டின் பின்புறத்திலிருந்து எடுத்து வந்து தெருவின் முன் வைக்கிறார்கள்; வருபவர் யார் என்று கேளாமல் வார்க்கிறார்கள். ஆண்டில் அந்த ஓரிரு நாள்களுக்கு நீருக்கு வேலியில்லை. கொல்லையில் குளம் வைத்திருப்பவர் எஞ்சிய நாள்களிலும் அப்பந்தலை நினைவிற் கொண்டால் போதும்.