உட்கார்ந்த வேலை

தியாகம் என்ற சொல்லுக்கு நம்மிடையே மரியாதை அதிகம். ஆனால் அந்தத் தியாகத்துக்கான ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்பதில்லை. அரக்கோணத்தில் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உயிரியல் சொல்லித்தரும் எனக்கு, 'சுவாசித்தல்' பாடம் எடுக்கும் ஒவ்வோர் ஆண்டும் இந்தக் கேள்வி எழுகிறது. செல்லின் கணக்கில் தியாகத்துக்கென்று தனிப்பத்தி கிடையாது. செலவான ஆற்றல் எங்கிருந்தாவது எடுக்கப்பட்டே ஆகவேண்டும்.

உண்ட சோறு குளுக்கோஸாகிச் செல்லுக்குள் போகிறது. அங்கே முதலில் அது இரண்டாக உடைகிறது. அதற்கு ஆக்சிஜன் தேவையில்லை. அதில் கிடைப்பது 2 ஏ.டி.பி. மூலக்கூறுகள் மட்டுமே. மீதி வேலை மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நடக்கிறது. ஆக்சிஜன் கிடைத்தால் அதே குளுக்கோஸிலிருந்து மொத்தம் 30 வரை ஏ.டி.பி. கிடைக்கும். இதை மூட்டைகட்டி வைக்க முடியாது. ஆக ஆகச் செலவாகிவிடும். நாள் முழுக்கப் படுத்தே கிடந்தாலும் இதயம், மூளை, ஈரல், சிறுநீரகம் எல்லாம் இதைக் கேட்டுக்கொண்டே இருக்கும். பெரும்பாலானவர்களின் ஒருநாள் ஆற்றலில் பாதிக்கு மேல் இப்படி உடலைப் பராமரிக்கவே போய்விடுகிறது. வெளியே தெரியாத வேலை அது. நின்றால் எல்லாமே நின்றுவிடும். "மிஸ், வீட்டு வேலை மாதிரி" என்று ஏதாவது ஒரு பிள்ளை சொல்லிவிடுவாள்.

இந்த ஏ.டி.பி.யை 1929-இல் ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க்கோடு சேர்ந்து கண்டறிந்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அதே ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் லோமனும் தனியே கண்டறிந்தார். சுப்பாராவ் கப்பலேறியபோது அவருடைய மனைவி சேஷகிரி கருவுற்றிருந்தார். பிறந்த மகன் குழந்தையிலேயே இறந்துபோனான். 1948-இல் நியூயார்க்கில் இறக்கும்வரை சுப்பாராவ் ஊர் திரும்பவே இல்லை. அவருடைய மேதைமையில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் காத்திருத்தலும் ஓர் உழைப்பு. அது எந்தச் சமன்பாட்டிலும் ஏறுவதில்லை.

ஏறாமல் விட்டது எது என்று பார்க்க வேறொரு தாளைப் பார்க்கலாம். இந்தியாவில் உணவு ஆய்வுகளுக்கு நெடுங்காலம் பயன்பட்டுவந்த அட்டவணை ஒன்று உண்டு. ஊட்டச்சத்தியல் படித்தவர்கள் பார்த்திருப்பீர்கள். உட்கார்ந்த வேலை செய்யும் ஆணின் தேவையை 1 என்று வைத்துக்கொண்டு மற்றவர்களை அளக்கும் அட்டவணை அது. கடும் உழைப்பு செய்யும் ஆணுக்கு 1.6. எங்கள் ஊரில் தண்டவாளம் பார்க்கும் கேங்மேன் அந்த வகை. நியாயம்தான். பெண்ணுக்கு வேலையைப் பொறுத்து 0.8, 0.9, 1.2.

பெண்ணின் எண் ஏன் குறைவு என்பதல்ல என் கேள்வி. சராசரியில் உடல் எடை குறைவு, ஆகவே தேவையும் குறைவு. அதில் சூழ்ச்சி ஏதுமில்லை. பெண்ணையும் பெண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள். தொழில்களை வகைப்படுத்தும் பட்டியலில் வீட்டுவேலைக்காரப் பெண் மிதமான உழைப்பில் வருகிறாள். இல்லத்தரசி உட்கார்ந்த வேலையில் வருகிறாள். ஒரே துடைப்பம், ஒரே குடம், அதே துணி மூட்டை. கூலி வாங்கினால் 0.9, வாங்காவிட்டால் 0.8. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரையில் உட்கார்ந்த வேலை செய்யும் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1660 கிலோகலோரி, மிதமான உழைப்புக்கு 2130. இடைவெளி 470. சோறாகச் சொன்னால் சுமார் 350 கிராம். தசை செல்லுக்குச் சம்பளச் சீட்டு தெரியாது. குனிந்து நிமிர்ந்தால் ஏ.டி.பி. உடையும், அவ்வளவுதான்.

அட்டவணை வீட்டுக்குள் வந்து யார் தட்டையும் அளப்பதில்லை என்று நீங்கள் சொல்லலாம். உண்மை. வீட்டில் அதைவிடப் பழைய அட்டவணை ஒன்று இருக்கிறது: முதலில் ஆண்கள், பிறகு பிள்ளைகள், கடைசியில் அவள். சென்னைக்குப் போகும் அதிகாலை மின்ரயிலின் மகளிர் பெட்டியில், வீட்டில் எல்லோருக்கும் சமைத்து டப்பா கட்டிவிட்டு வெறும் காபியோடு கிளம்பிய பெண்களை நான் தினமும் பார்க்கிறேன். ராணிப்பேட்டை, ஆம்பூர்ப் பக்கம் தோல், ஷூ கம்பெனிகளுக்குப் போகும் பெண்களும் இப்படித்தான் கிளம்புகிறார்கள்.

பற்றாக்குறையில் தன் பங்கைப் பிள்ளைக்குத் தருகிற தாயை நான் குறைசொல்லமாட்டேன். ஆனால் பானை நிறைய சோறு இருக்கும் நாளிலும் அதே வரிசை தொடர்ந்தால், அதற்குக் காரணம் பற்றாக்குறை அல்ல. ஒரு பாலுக்கு மட்டும் சொல்லித்தரப்படும் அறம் அறமல்ல, வேலைப் பங்கீடு. நல்லொழுக்கம் என்றால் வீட்டில் எல்லோரும் அதை முறைவைத்துப் பழகியிருக்க வேண்டும்.

அதன் விலை உடலில் எழுதப்படுகிறது. ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினுக்கு இரும்பு வேண்டும். மைட்டோகாண்ட்ரியாவில் எலக்ட்ரான்களைக் கைமாற்றும் புரதங்களுக்கும் இரும்பு வேண்டும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஆண்களில் 25 சதவீதம். தமிழ்நாட்டிலும் பெண்களில் பாதிக்கு மேல். மாதவிடாயும் பிரசவமும் இதற்குக் காரணங்கள்தான். அப்படியானால் இரும்புச்சத்துள்ள கறியும் முட்டையும் கீரையும் முதலில் போகவேண்டிய தட்டு எது? "அவளுக்கு எப்பவும் அசதிதான்" என்று சிரித்துக்கொண்டே சொல்கிறோமே, அந்த அசதிக்கு வேதியியல் காரணம் இருக்கிறது.

அம்மாக்களின் பொறுமை வானத்திலிருந்து இறங்குவதில்லை. குறைவாக உண்டு அதிகம் உழைக்கும் உடல் முதலில் தன் கொழுப்பையும் பிறகு தன் தசையையும் எரிக்கிறது. அந்தப் பொறுமையைப் புகழும்போது நாம் புகழ்வது அந்த எரிதலைத்தான்.

பாடம் முடிந்ததும் மாணவிகளிடம் ஒன்று செய்யச் சொல்கிறேன். ஒரு வாரம் வீட்டில் யார் எப்போது, எதை, எவ்வளவு சாப்பிட்டார்கள் என்று ஒரு நோட்டில் குறித்துவர வேண்டும். அப்பா, அண்ணன் பெயரோடு அம்மாவின் பெயரும் அதில் இருக்க வேண்டும். முதல் நாளே சில நோட்டுகளில் அம்மாவுக்கு எதிரே கட்டம் காலியாக இருக்கும். எழுத மறந்தாளா, அம்மா சாப்பிட்டதை வீட்டில் யாருமே பார்க்கவில்லையா என்று அவளிடமே கேட்பேன். எட்டாம் நாள் எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அன்றைக்கு அம்மாவுக்கும் அது உட்கார்ந்த வேலையாக இருக்கட்டும்.