பக்கத்தில் ஒருவர்

புதுச்சேரி ரோமன் ரோலண்ட் நூலகம் 1827-ல் தொடங்கியது. இருநூறு ஆண்டுகளை நெருங்கும் அந்த நூலகத்துக்கு வருகிறவர்களில் ஒரு சாரார் புத்தக அலமாரிப் பக்கமே போவதில்லை. சொந்தக் கைடு, சொந்த நோட்டு, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் பையிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். அரசு வேலைக்கான தேர்வுக்குப் படிக்கிறவர்கள். இவர்களில் பலர் வீட்டில் மேசை இருக்கும், மின்விசிறி இருக்கும், பாடம் நடத்த யூடியூப்பும் இருக்கும். பிறகு எதற்கு வெயிலில் வண்டியை எடுத்துக்கொண்டு இங்கே வருகிறார்கள்? எதிரே ஒருவர் தலை நிமிராமல் படித்துக்கொண்டிருப்பார் என்பதற்காகத்தான். அவர் யாரென்று தெரியாது. சந்தேகம் கேட்டால் சொல்லித்தருவாரா என்றும் தெரியாது. ஆனாலும் அவர் இருந்தால் நமக்கும் படிப்பு ஓடுகிறது.

இதை மனவுறுதி இல்லாததன் அடையாளமாகப் பார்ப்பது நம் வீடுகளின் வழக்கம். "படிக்கிற புள்ள எங்க இருந்தாலும் படிக்கும். தெருவிளக்குல படிச்சு முன்னுக்கு வந்தவங்க இல்லையா?" என்பார்கள். எனக்கு இதில் உடன்பாடு கிடையாது. நடவு, அறுவடை, நெசவு என்று நம் முன்னோர் செய்த வேலைகளில் பெரும்பாலானவை பக்கத்தில் ஆள் இருக்கச் செய்தவை. புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் இன்றும் பூக்கட்டும் பெண்கள் ஆளுக்கொரு பூக்குவியலும் ஆளுக்கொரு நூல்கண்டுமாக வரிசையாக உட்கார்ந்துதான் கட்டுகிறார்கள். கதவைச் சாத்திக்கொண்டு ஒரு திரையின் முன்னால் நாள் முழுக்கத் தனியாக உட்கார்ந்திருப்பதுதான் புதுப் பழக்கம். அது பலருக்கு ஒத்துவராததில் வியப்பில்லை.

அமெரிக்காவில் நார்மன் டிரிப்லெட் என்பவர் பக்கத்தில் ஆள் இருப்பதன் விளைவை 1898-லேயே ஆராய்ந்து எழுதினார். சைக்கிள் பந்தய வீரர்கள் தனியாக ஓட்டுவதைவிட இன்னொருவரோடு சேர்ந்து ஓட்டும்போது வேகமாகப் போவதைப் பார்த்துவிட்டு, சிறுவர்களிடம் தூண்டில் நூல் சுற்றும் உருளையைக் கொடுத்துச் சுற்றச் சொன்னார். பக்கத்தில் இன்னொரு பிள்ளை சுற்றினால் பல பிள்ளைகளின் கை வேகமெடுத்தது. சில பிள்ளைகளோ பதறிப்போய்த் தடுமாறினார்கள். இந்த முரணுக்கு 1965-ல் ராபர்ட் ஸயன்ஸ் என்ற உளவியலாளர் ஒரு விளக்கம் தந்தார்: கைவந்த வேலை, பக்கத்தில் ஆள் இருந்தால் சுலபமாக நடக்கும், இனிமேல்தான் பழக வேண்டிய வேலை, ஆள் இருந்தால் சிக்கலாகும். ஏடிஎச்டி என்னும் கவனக் குறைபாடு உள்ளவர்களுக்கு உதவும் ஆலோசகர்கள் 1990-களில் இந்தத் துணைக்கு 'பாடி டபுளிங்' என்று பெயர் வைத்தார்கள். இன்று முகமறியாத இருவர் வீடியோவில் இணைந்து, இன்ன வேலை செய்யப்போகிறேன் என்று ஒருவருக்கொருவர் சொல்லிவிட்டு, ஐம்பது நிமிடம் பேசாமல் அவரவர் வேலையைப் பார்ப்பதற்கென்றே இணையச் சேவைகள் வந்துவிட்டன.

இந்தத் துணை எங்கள் புதுச்சேரிக்குப் புதிதல்ல. பாரதியார் 1908-ல் இங்கே வந்தார். 1910-ல் அரவிந்தரும், அதே ஆண்டில் வ.வே.சு. ஐயரும் வந்து சேர்ந்தார்கள். மூவரும் பிரிட்டிஷ் அரசு தேடிய ஆட்கள். பிரெஞ்சு ஆட்சியிலிருந்த இந்த ஊரைவிட்டு வெளியே போக மூவருக்கும் வழியில்லை. பாரதி நடத்திவந்த 'இந்தியா' பத்திரிகையும் 1910-ல் நின்றுபோயிற்று. மனிதன் சோர்ந்து படுத்துவிட இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை. ஆனால் நடந்தது வேறு. பாஞ்சாலி சபதமும் கண்ணன் பாட்டும் குயில் பாட்டும் இந்த ஊரில் பிறந்தன. ஐயரின் திருக்குறள் ஆங்கில மொழிபெயர்ப்பு 1916-ல் அச்சேறியது. அரவிந்தர் 1914 ஆகஸ்டில் 'ஆர்யா' மாத இதழைத் தொடங்கி, ஒரே சமயத்தில் பல தொடர்களை எழுதினார். இடையே பாரதியும் அரவிந்தரும் சேர்ந்து வேதம் படித்தார்கள். ஆழ்வார் பாசுரங்களை அரவிந்தர் ஆங்கிலமாக்கப் பாரதியின் தமிழ் துணை செய்தது.

ஒருவரால்தான் மற்றவர் எழுதினார் என்று சொல்ல மாட்டேன். மூவரும் மேதைகள், எங்கே விட்டிருந்தாலும் எழுதியிருப்பார்கள். ஆனால் கூப்பிடு தூரத்தில் இரண்டு பேர் தத்தம் வேலையில் மூழ்கிக் கிடக்கிறார்கள் என்று தெரிந்த ஊரில், மூன்றாமவர் வெறுமனே பொழுதுபோக்குவது கடினம்.

இந்த மூவரையும் இடைவிடாமல் பார்த்துக்கொண்டிருந்த இன்னொரு கூட்டமும் உண்டு. பிரிட்டிஷ் அரசு அனுப்பிய ஒற்றர்கள். யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று குறித்துவைப்பதே அவர்கள் பிழைப்பு. ஆக, ஒரே ஊரில் இரண்டு வகைக் கண்கள். ஒற்றனின் கண் ஒருவரை ஒடுங்கச் செய்யும். நண்பனின் கண் வேலையில் உட்கார வைக்கும். இந்த வேறுபாடு தெரியாததால்தான், வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்களின் திரையை நிமிடத்துக்கொரு முறை படம் பிடிக்கும் மென்பொருளை நிறுவனங்கள் வாங்குகின்றன. அதனால் சுட்டி நகர்ந்துகொண்டே இருக்கும், வேலை நகராது. பிள்ளையின் நாற்காலிக்குப் பின்னால் நின்று நோட்டை எட்டிப்பார்க்கும் பெற்றோரும் இந்தத் தவற்றைத்தான் செய்கிறார்கள்.

இன்னொரு குழப்பத்தையும் தவிர்க்க வேண்டும். சேர்ந்து உட்கார்வதும் ஒரே வேலையைச் சேர்ந்து செய்வதும் ஒன்றல்ல. மாக்ஸ் ரிங்கல்மான் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் ஆட்களைக் கயிறு இழுக்கவைத்து அளந்தார். முடிவுகள் 1913-ல் வெளிவந்தன. கயிற்றில் ஆள் கூடக்கூட, ஒவ்வொருவரும் போடும் பலம் குறைந்தது. எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது, தனியாக இழுக்கும் பலத்தில் பாதியளவைத்தான் ஒவ்வொருவரும் போட்டார்கள். வாட்ஸ்அப் குழுவில் பத்துப் பேரிடம் ஒப்படைத்த காரியம் ஏன் நடப்பதில்லை என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. பூக்கட்டும் பெண்களிடம் இந்தத் தளர்வு வராது. யார் எத்தனை முழம் கட்டினார் என்பது அவரவர் மடியிலேயே தெரியும்.

நான் வீட்டிலிருந்து பிழைதிருத்தம் செய்கிறவன். அண்ணன் மகள் தேர்வுக்குப் படிக்கிறாள். மாலையில் எங்கள் சாப்பாட்டு மேசையின் ஒரு முனையில் அவளும் மறுமுனையில் நானும் உட்கார்கிறோம். முதல் நாளே விதியைப் போட்டுவிட்டாள்: "சித்தப்பா, நீங்க உங்க வேலையைப் பாருங்க. எத்தனை பக்கம் முடிச்சேன்னு மட்டும் கேட்காதீங்க." நான் கேட்பதில்லை. அவளும் என் பக்கக் கணக்கைக் கேட்பதில்லை. புதுக் கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டிய நாளில் தன் அறைக்குள் போய்விடுகிறாள். படித்ததைத் திருப்பிப் பார்க்கவும் மாதிரித் தேர்வு எழுதவும் மேசைக்கு வருகிறாள். ஸயன்ஸ் என்ற பெயரை அவள் கேள்விப்பட்டதே இல்லை. நானும் கடினமான பக்கங்களைக் காலையில் தனியாகப் பார்த்துவிட்டு, பொருளடக்கம் சரிபார்ப்பது, பில் எழுதுவது போன்ற தள்ளிப்போட்ட வேலைகளையே மாலைக்கு வைத்துக்கொள்கிறேன்.

எட்டரைக்கு அவள் நோட்டை மூடுகிறாள். நானும் மூடிவிடுகிறேன். பக்கத்து ஆளால் கிடைக்கும் நன்மைகளில் நாம் அதிகம் பேசாதது இதுதான். தனியாக உட்கார்ந்தவனுக்கு வேலையைத் தொடங்கவும் தெரிவதில்லை, நிறுத்தவும் தெரிவதில்லை. நிறுத்துவதற்கு உரிமை கேட்டதும் பக்கத்துப் பக்கத்தில் நின்று வேலை செய்தவர்கள்தான். 1936 ஜூலை 30 அன்று புதுச்சேரியில் வேலை நேரக் குறைப்பும் சங்க உரிமையும் கேட்டுப் போராடிய பஞ்சாலைத் தொழிலாளர்கள் 12 பேர் பிரெஞ்சு அரசின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள். அதன்பின் 1937-ல் எட்டு மணிநேர வேலை இங்கே சட்டமாயிற்று. அதிகமாக உழைக்கவைக்கும் தந்திரமாக மட்டும் துணையைப் பார்க்கிறவர்கள் இந்த வரலாற்றை மறந்துவிடக் கூடாது.

தனிமையை மிகவும் நாடியவர்களுக்கும் இந்தத் துணை தேவைப்பட்டிருக்கிறது. 1926-க்குப் பிறகு அரவிந்தர் அறையைவிட்டு வெளிவருவதைப் பெரும்பாலும் நிறுத்திக்கொண்டார். ஆனால் பார்வை மங்கிய கடைசி ஆண்டுகளில் 'சாவித்ரி' காவியத்தை அவர் சொல்லச் சொல்ல, எடின்பரோவில் மருத்துவம் படித்த நிரோத்பரன் அருகில் உட்கார்ந்து எழுதினார். அவ்வளவு பெரிய யோகிக்கே பக்கத்தில் ஒருவர் வேண்டியிருந்தது என்றால், நாம் கூச்சப்பட ஒன்றுமில்லை.

இப்படிப்பட்ட துணையைத் தேடுவதைவிட, இன்னொருவருக்குத் துணையாவது எளிது. அதற்குப் பாடம் தெரிந்திருக்க வேண்டாம், பணம் வேண்டாம், பேச்சுத் திறமையும் வேண்டாம். உங்கள் வீட்டில் ஒரு பிள்ளையோ, வேலை தேடும் தம்பியோ, ஓய்வூதிய விண்ணப்பத்தை மாதக்கணக்கில் நிரப்பாமல் வைத்திருக்கும் அப்பாவோ இருக்கலாம். அவர்களுக்கு அறிவுரை சொல்லாதீர்கள். கைபேசியை வேறு அறையில் வைத்துவிட்டு, உங்கள் வேலையை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்காருங்கள்.